கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடும் குழந்தைகள்

கேள்வி, ஜூன் 4

எட்டு வயது மகனுக்கு மர்மக் கதைகள் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு அத்தியாயம், நடுநடுவே படம், அந்த மாதிரிப் புத்தகங்கள். இரண்டு அத்தியாயம் முடிந்ததும் கடைசி அத்தியாயத்துக்குத் தாவி யார் திருடன் என்று பார்த்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் நடுவில் இருப்பதைப் படிக்கிறான், சில நாள் அதுவும் கிடையாது. கண்டிக்கலாமா? விடை தெரிந்துவிட்டால் மர்மக் கதையில் படிக்க என்னதான் மிச்சம்?

ஜூன் 4, இரவு

கடைசி அத்தியாயத்துக்குக் கிளிப் போட்டுவிடுங்கள். என் மகளுக்கும் எட்டு வயதுதான், போன வருடம் இதே தொல்லை. கடைசிப் பத்துப் பக்கத்தைச் சேர்த்து இரண்டு கிளிப் மாட்டினேன், மற்றதை முடித்துவிட்டு வந்தால் கழற்றித் தருவேன் என்றேன். படித்தாள். மர்மக் கதைக்கு உயிரே தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது, அதைக் குழந்தைக்குப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 5

நேற்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எழுதி முடித்த பிறகு, கிளிப் போட்ட புத்தகங்களில் எது பிடித்தது என்று மகளிடமே கேட்டேன். ஒன்றுமே சரியாக ஞாபகம் இல்லை அவளுக்கு. கிளிப்பைக் கழற்றும் அவசரத்தில் ஓடி ஓடிப் படித்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஏன் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். "யாருன்னு தெரிஞ்சுட்டா பயமில்லாமப் படிக்கலாம்" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. பொறுமை இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கதையில் வரும் நாய்க்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால்தான் அவளால் மூன்றாம் அத்தியாயத்தில் நிதானமாக உட்கார முடிகிறது.

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள், அதில் மர்மக் கதைகளும் இருந்தன. முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கதை கூடுதலாகப் பிடித்தது என்றார்கள். படித்தவர்கள் கல்லூரி மாணவர்கள், அதனால் இதை அப்படியே எட்டு வயதுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் விடை தெரிந்தால் எல்லாம் போயிற்று என்ற என் உறுதி ஆட்டம் கண்டுவிட்டது.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

ஜூன் 7

விடையைத் தனியாகக் கடைசியில் அச்சிடும் புத்தகங்களை வாங்கினால் பிரச்சினை தீருமே என்று கேட்டிருக்கிறார்கள். தீரும், பாதி. 1963இல் டொனால்ட் சோபல் தொடங்கிய என்சைக்ளோபீடியா பிரவுன் வரிசை அப்படித்தான். பத்து வயதுப் பையன், புத்தகத்துக்குப் பத்துக் குட்டி வழக்குகள், ஒவ்வொன்றின் முடிவிலும் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கேள்வி, விடைக்குப் பின்பக்கம் போக வேண்டும். கடைசிக்குத் தாவுவது அங்கே தப்பே இல்லை, புத்தகமே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறது. தாவுகிற பிள்ளைக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது இந்த வகையைத்தான்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் புத்தகத்தில் ஒரு வாள் வருகிறது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு தளபதிக்கு அவருடைய வீரர்களே 1861இல் பரிசளித்தது என்று சொல்லி ஒருவன் ஏமாற்றப் பார்க்கிறான். வாளில் 'முதலாம் புல் ரன் போர்' என்று பொறித்திருக்கிறது. இரண்டாம் போர் நடந்தது 1862இல். அது நடப்பதற்கு முன்னால் எவன் 'முதலாம்' என்று எழுதுவான்? அருமையான துப்பு, எனக்குக் கை தட்டத் தோன்றியது. மகள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் போரைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத பிள்ளைக்கு 'முதலாம்' என்ற சொல் உறுத்துமா? யோசித்தால் உறுத்தலாம், கெட்டிக்காரப் பிள்ளைக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடை வெளியிலிருந்து வந்து விழுந்த மாதிரிதான் இருக்கும். துப்பு பக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், பிள்ளையின் பொது அறிவில் இருக்கக் கூடாது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார், துப்பறிகிறவர் கண்ணில் படுகிற துப்பு அப்போதே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அதில் ஒன்று. பெரியவர்களுக்காகச் சொன்னது. குழந்தைகளுக்கு அதை இன்னும் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்பேன்.

அதே 1929இல் ஜெர்மனியில் எரிஹ் கெஸ்ட்னரின் 'எமிலும் துப்பறிவாளர்களும்' வந்தது. யார் எடுத்தது என்ற கேள்விக்கும் துப்பு எவ்வளவு நேர்மையாக வைக்கப்படலாம் என்பதற்கும் நான் காட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். ரயிலில் தனியாகப் போகும் எமில், பணம் தொலைந்துவிடக் கூடாது என்று நோட்டுகளைச் சட்டைப் பைக்குள் குண்டூசியால் குத்தி வைக்கிறான். நாமும் அதைப் பார்க்கிறோம், ஜாக்கிரதையான பையன் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறோம். பின்னால் வங்கியில் இது யார் பணம் என்ற கேள்வி வரும்போது அந்த ஊசித் துளை பேசுகிறது. இதற்கு வரலாறு தெரிய வேண்டாம். ஊசி குத்தினால் காகிதத்தில் ஓட்டை விழும், அது போதும்.

ஜூன் 8

திருத்தம் இரண்டு. எமில் குத்தியது கோட்டின் உட்பையில், சட்டைப் பையில் அல்ல.

இரண்டாவதுதான் முக்கியம். 'யார் எடுத்தது என்ற கேள்விக்கும்' என்று எழுதிவிட்டேன், தப்பு. அந்தக் கதையில் யார் எடுத்தது என்பது மர்மமே இல்லை. ரயில் பெட்டியில் கூட இருந்த ஆள் மேல்தான் எமிலுக்குச் சந்தேகம், நமக்கும். மீதிக் கதை முழுக்க அவனைப் பின்தொடர்வதும், பெரியவர்கள் நம்புகிற மாதிரி நிரூபிப்பதும்தான். அப்படியென்றால் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. திருடன் யார் என்று தெரிந்த பிறகும் ஒரு புத்தகம் முழுக்கக் கதை மிச்சம் இருக்கிறது. யார் என்று தெரிந்துகொண்டு வருகிற பிள்ளை, எப்படிப் பிடிக்கப் போகிறார்கள் என்பதைப் படிக்க வருகிறது. அதைப் போய்க் கண்டிக்க வேண்டாம்.

ஜூன் 11

எத்தனை வயதில் கொடுக்கலாம் என்பதற்கு வயதைச் சொல்வதைவிட, பிள்ளையால் எதைத் தலைக்குள் பிடித்துவைத்துக்கொள்ள முடிகிறது என்று பாருங்கள். தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது நான்கு வயதை ஒட்டிப் பிடிபடுகிறது. 'அவனுக்குத் தெரியாது என்று இவள் நினைக்கிறாள்' என்கிற இரண்டடுக்கு ஆறேழு வயதுக்கு மேல்தான் வருகிறது, 1985இல் பெர்னர், விம்மர் என்ற இருவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மர்மக் கதை முழுக்க இந்த இரண்டடுக்கில்தான் நிற்கிறது. திருடனை யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், நாம் பார்த்தோம், நாம் பார்த்தது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் ஐந்து வயதுப் பிள்ளை சாவியைத் தேடும் கதையில் குதூகலிக்கும், பொய் சொல்லும் சாட்சி வந்தால் குழம்பிவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மகளுக்காக நானே ஒரு மர்மக் கதை எழுதினேன், காணாமல் போன கைக்கடிகாரம், ஒன்பது அத்தியாயம், சந்தேகப்பட ஆறு பேர். நான்காம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டு "மாலதி யாரு?" என்றாள். மாலதி, மாதவி, மாறன் என்று வைத்திருந்தேன். கண் வேகமாகப் போகும்போது இந்த வயதில் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் பெயரைப் பிடிக்கிறார்கள், மூன்று 'மா' இருந்தால் மூன்றும் ஒரே ஆள். ஆறு பேரை நான்காக்கினேன், நான்கு பேருக்கும் வெவ்வேறு முதல் எழுத்து, ஆளுக்கொரு அடையாளம். ஒருவருக்குச் செருப்பு கீச்சிடும், ஒருவர் எதையும் இரண்டு முறை சொல்வார். அதற்கப்புறம் கதை ஓடியது.

துப்பை ஒளிப்பது அடுத்த பாடம். தனி வாக்கியத்தில் வைத்தால் பிள்ளை கப்பென்று பிடித்துவிடுகிறது. மேசை மேல் இருந்த ஐந்து பொருட்களைச் சொல்லும்போது மூன்றாவதாக வைத்தால் தப்பிவிடுகிறது. அதைவிடச் சிரிப்புக்குப் பின்னால் வைப்பது நல்லது, பூனை பால் கிண்ணத்துக்குள் விழுகிற அதே வாக்கியத்தில் ஜன்னல் திறந்திருந்தது என்று சொல்லிவிட்டால் பிள்ளை பூனையோடு போய்விடும். பின்னால் ஜன்னல் பேச ஆரம்பிக்கும்போது, "ஐயோ, பூனை!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஒரு கத்தலுக்காகத்தான் ஒன்பது அத்தியாயமும் எழுதினேன்.

சொற்களும் காட்டிக்கொடுக்கும். கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர் என்ற பள்ளி ஆசிரியை 1924இல் எழுதிய 'பாக்ஸ்கார் சில்ட்ரன்' கதையை, 1942இல் கிட்டத்தட்ட 600 சொற்களுக்குள் அடக்கி, புதிதாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்காகத் திரும்ப எழுதினார். எளிமை என்றால் அப்படி ஒரு எளிமை. ஆனால் மர்மக் கதையில் எளிமைக்கு ஒரு ஆபத்து உண்டு. எல்லாம் தெரிந்த சொல்லாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று 'அரக்கு' என்று ஒன்று வந்தால், இதுதான் துப்பு என்று அந்தச் சொல்லே கை நீட்டிக் காட்டிவிடும். அரிய சொல் வேண்டுமென்றால் துப்பில்லாத இடத்திலும் இரண்டைத் தூவ வேண்டும்.

ஜூன் 12

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்கா மகன் வந்திருந்தான், பத்து வயது. மகள் படித்துக்கொண்டிருந்த தமிழ் மர்மக் கதையை வாங்கி இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, "இந்த ஆளுதான் திருடன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சரியாகச் சொல்லிவிட்டான். கடைசியைப் பார்த்தாயா என்றேன், இல்லை என்றான். எப்படி என்றால், "எல்லாப் பெரியவங்களுக்கும் அவர்னு போட்டிருக்கு. இவனுக்கு மட்டும் அவன்னு போட்டிருக்கு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வந்தார், ஆசிரியர் சொன்னார், மேலாளர் சிரித்தார், புதிதாகக் குடிவந்தவன் மட்டும் வந்தான், சொன்னான், சிரித்தான். எழுதியவர் தன்னை அறியாமலே ஒவ்வொரு வினைமுற்றிலும் விடையை எழுதி வைத்திருக்கிறார். கடைசி அத்தியாயம் எதற்கு?

இது நம் மொழியில் இருக்கும் சிக்கல், இதைப் பேசியே ஆக வேண்டும். இருட்டில் ஓடுகிற ஆளை எப்படி எழுதுவது? ஓடினான் என்றால் ஆண், ஓடினாள் என்றால் பெண், சந்தேகப் பட்டியலில் பாதி அங்கேயே காலி. அதனால்தான் எல்லாக் கதையிலும் 'ஓர் உருவம் ஓடியது' என்று எழுதுகிறார்கள், பிள்ளைகளுக்கு அந்த 'உருவம்' சலித்துப்போய்விட்டது. 'யாரோ ஓடுவது தெரிந்தது' என்று எழுதலாம், காலடிச் சத்தத்தை மட்டும் எழுதலாம். மொட்டைக் கடிதம் வைக்கலாம், 'நான்தான் எடுத்தேன்' என்பதில் ஆணா பெண்ணா என்று எதுவும் இல்லை, 'நான்' என்று பேசும் தன்மை இடம் நம் பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு இன்ஜினியரைக் கதை முழுக்க அவர், வந்தார், போனார் என்றே எழுதி, எட்டாம் அத்தியாயத்தில் அவர் ஒரு பெண் என்று காட்டலாம். பெயர் சொல்லாமல் இருந்தால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். தமிழில் அது இயல்பாக நடக்கும். இதை யாராவது எழுதுங்கள், முதலில் வாங்குவது நான்.

ஜூன் 13

இரவெல்லாம் அந்த 'அவன்' மனதிலேயே இருந்தது. நேற்று அதைச் சுவாரசியமான விஷயமாகத்தான் எழுதினேன், இன்று அப்படித் தோன்றவில்லை. அலமாரியில் இருக்கும் தமிழ்ச் சிறார் மர்மக் கதைகள் பதினொன்றையும் எடுத்துப் பார்த்தேன். திருடனைத் தவிர இன்னும் யாருக்கு 'அவன்' என்றால் தோட்டக்காரருக்கு, காவலாளிக்கு, பழைய பேப்பர் எடுக்க வருகிறவருக்கு. நரைத்த தலை என்று அதே வரியில் எழுதியிருக்கிறது, ஆனாலும் அவன். அக்கா மகனின் சூத்திரத்தை வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு முதலில் சந்தேகம் வருவது இவர்கள் மேல்தான். கடைசியில் தோட்டக்காரர் நிரபராதி என்று தெரியும்போதுகூட அவருக்கு 'ர்' கிடைப்பதில்லை.

இது நம்மிடம் மட்டும் உள்ள கோளாறு அல்ல. அமெரிக்காவில் ஹார்டி பாய்ஸ் என்ற சிறார் துப்பறியும் வரிசை 1927இலும், நான்சி ட்ரூ என்ற இளம்பெண் துப்பறியும் வரிசை 1930இலும் தொடங்கின. பழைய புத்தகங்களில் கறுப்பினத்தவரையும் குடியேறிகளையும் காட்டிய விதம் சகிக்கக்கூடியதாக இல்லை என்று 1959இலிருந்து அவற்றைத் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். திருத்தும்போது கதையையும் சுருக்கிவிட்டார்கள், ட்ரூவின் துணிச்சலையும் அடக்கிவிட்டார்கள் என்று பழைய வாசகர்களுக்கு வருத்தம் உண்டு, அது வேறு பேச்சு. மர்மக் கதை பிள்ளைக்கு யாரைச் சந்தேகிப்பது என்று சொல்லித்தருகிற புத்தகம். நாம் யோசிக்காமல் எழுதுகிற ஒரு விகுதி, வாசலுக்கு வருகிற எந்த மனிதரைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எட்டு வயதுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் கையெழுத்துப் பிரதியில் இதற்காக மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

என் கைக்கடிகாரக் கதையையும் எடுத்துப் பார்த்தேன். தச்சு வேலைக்கு வருகிறவருக்கு 'அவன்' போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன்.

ஜூன் 16

மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் பற்றிக் கேட்டவருக்கு: வாங்குங்கள், ஆனால் நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, மூலத்தில் ஒரு துண்டுச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்ததால் ஆங்கில எழுத்து ஒன்று இன்னொன்றாகத் தெரிந்திருக்கிறது, மர்மமே அதுதான். தமிழில் அந்தச் சீட்டைத் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டார்கள், எப்படித் திருப்பினாலும் ஒன்றும் ஆகவில்லை. மகள் புத்தகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். புத்தகத்தின் தப்பைப் பிள்ளை தன் தப்பாக எடுத்துக்கொள்கிறது.

படங்களும் அப்படித்தான், இந்த வகைப் புத்தகத்தில் படமும் சாட்சி. எழுத்தில் இடது கையில் கட்டு, படத்தில் வலது கையில். பெரியவர்கள் கவனிக்க மாட்டோம். பிள்ளை அதைத் துப்பு என்று பிடித்துக்கொண்டு ஆறு அத்தியாயம் காத்திருக்கும்.

ஜூன் 20

வாசித்துக் காட்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அப்புறம் கொஞ்ச நாள் வர மாட்டேன்.

தினம் இரவு ஒரு அத்தியாயம் நான்தான் வாசிப்பேன். நடுவில் "அப்பா, முன்னாடி படிச்ச பக்கத்துக்குப் போ" என்பாள். எதற்கு என்றால், "அந்த மாமா குடை கொண்டுவந்தாரா இல்லையா?" நான் எப்போதும் சொல்வது, பொறு, பின்னால் வரும். கதையின் வேகம் போய்விடக் கூடாதே என்று. இந்த இரண்டு வாரமாக இங்கே எழுதிக்கொண்டிருந்ததில்தான் புரிந்தது, அவள் அப்போதுதான் துப்பறிந்துகொண்டிருந்தாள், நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். தானே படிக்கிற பிள்ளை இரண்டு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்ளும், கேட்கிற பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இப்போது அவள் கேட்டால் திருப்பிப் போகிறேன். ஒரு அத்தியாயம் முடிய இரண்டு இரவு ஆகிறது, ஆகட்டும்.

கடைசி அத்தியாயத்தை அவளே முதலில் படிக்கட்டும் என்றும் விட்டுவிட்டேன். நேற்று அப்படித்தான் படித்தாள். திருடியவர் யார் என்று பார்த்துக்கொண்டு முதலிலிருந்து வந்தாள். அவர் உள்ளே வருகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தச் சொன்னாள், என்ன சொன்னார், எதைத் தொட்டார், எங்கே பார்த்தார் என்று. கண்டுபிடித்தது பின்கதவுச் சாவியால் என்று கடைசியில் இருக்கிறது. சாவி அவர் கைக்கு எப்போது வந்தது என்று தேடினோம். மூன்றாம் அத்தியாயத்தில் இல்லை, ஐந்தில் இல்லை, எங்கேயுமே இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார்.

"நீங்க சரியா வாசிக்கலையா?" என்று புத்தகத்தை வாங்கித் தானே தேடினாள். பிறகு பென்சில் எடுத்து வந்து, மூன்றாம் அத்தியாயத்தில் அவர் கூடத்தில் நிற்கிற இடத்தின் ஓரத்தில், 'அவர் ஆணியில் மாட்டியிருந்த குடை, தொப்பி, சாவி, பை எல்லாவற்றையும் பார்த்தார்' என்று எழுதினாள்.